கப்பலுக்குப் போகாத மகன்

“நாளைக்கு அவன் வெளியே வரட்டும். ஆனா இந்த வாசல்ல காலை வைக்கக் கூடாது,” என்றார் அண்ணன்.

தையல்காரம்மா தலை நிமிரவில்லை. மிஷினை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

“எம் புள்ளை வேற எங்கண்ணே போவான்?”

“என் கிடங்குல கிடக்கட்டும். உம் பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஒரு சண்டையில் இன்னொருவன் மண்டையை உடைத்ததற்கு மகனுக்கு மூன்று வருடச் சிறை. அதைக் கப்பல் வேலையாக்கித் தெருவில் சொல்லி வைத்தவர் அண்ணன்தான். மூன்று வருடத்தில் ஒரு சோப்புக்கட்டிகூட வராத கப்பல் அது. ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அண்ணன் மூடிக் காட்டினார். தெருவும் நம்பியதுபோல் தலையாட்டி வைத்தது.

அன்று மாலை நூலகத்தில் ஒரு பழைய கிரேக்க நாடகத்தை வாசித்துக் காட்டினார்கள். குற்றம் செய்து நகரத்தை விட்டுத் துரத்தப்பட்டவன், தண்டனைக் காலம் முடிந்து வந்து கோட்டைக் கதவைத் தட்டுகிற கதை. வாசிப்பு முடிந்ததும் சிறையைப் பற்றி ஊரார் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பது நூலகரின் ஏற்பாடு. வாசிப்பவர்களுக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தவள் தையல்காரம்மா. நகரத்துப் பெரியவராக வாசித்தவர், அவள் மகளைத் தன் பையனுக்குக் கேட்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

“கதவைத் திறங்கள். தண்டனை தீர்ந்தவனை மேலும் தண்டிக்க நாம் யார்?” என்று வாசித்தபோது அவர் குரல் உடைந்தது. அங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனிக்கு வந்தாள், மறுபடி சாய்ந்தாள். இந்த மனுஷனுக்குப் பயந்தா பெற்ற பிள்ளையைக் கிடங்கில் ஒளிப்பது?

“யாராவது பேச விரும்பினா பேசலாம்,” என்றார் நூலகர்.

“நம்ம பக்கத்துல அந்த மாதிரி யாருங்க இருக்காங்க?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவள் எழுந்தாள். அண்ணன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறினாள்.

“எம் புள்ளை கப்பல்ல இல்லை. ஜெயில்ல இருக்கான். நாளைக்குப் பத்து மணிக்கு விடுறாங்க. தப்புப் பண்ணினான், அனுபவிச்சுட்டான். அவன் எங்க வீட்டுக்குத்தான் வருவான்.”

சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் தலைமையாசிரியர்தான்.

கூட்டம் கலைந்ததும் அவர் அங்கியைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்தார்.

“உங்க தைரியம் பெரிசும்மா. ஆனா நாடகம் வேற, சம்பந்தம் வேற. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்.”

பக்கத்தில் நின்ற மகளின் முகம் வெளுத்தது. தாய்க்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. யாரோ அழுததை நம்பி மகள் வாழ்வில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று பதறினாள்.

அதற்குள் நூலகர் வந்துவிட்டார். “சார், அடுத்த மாசம் இதை ஜெயிலுக்குள்ளேயே வாசிக்கப்போறோம். வர முடியுமா?”

“கட்டாயம் வர்றேன். பாவம், அவங்களும் மனுஷங்கதானே.”

மகள் அம்மா கையிலிருந்த அங்கியை வாங்கி அவரிடமே நீட்டினாள். நேற்றுவரை அவரை மாமா என்று கூப்பிட்டவள் அவள்.

“அப்போ இது உங்களுக்கு வேணும் சார், எடுத்துக்குங்க. ஆனா எந்தம்பி அங்க இருக்க மாட்டான். நாளைக்கே நாங்க அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவோம்.”