துருவேந்தன் கையிருப்பில் இல்லை

வெண்டல் ப்ரூகருக்கு நாற்பத்தாறு வயதில்தான் ஒரு நிலையான வேலை கிடைத்தது. அதுவும் உலகத்தை அழிக்கிற வேலை.

அதற்கு முன் இருபது வருடங்களாக பர்பேங்க் ஸ்டுடியோக்களில் அவன் போடாத வேடமில்லை. அதில் பெயருள்ள வேடம் ஒன்றுகூட இல்லை. மதுக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன், லிஃப்ட்டில் நின்று இருமுகிறவன், படம் ஆரம்பித்ததும் பிணமாகக் கிடப்பவன். பிணமாகக் கிடப்பதில் அவனுக்கு நல்ல பெயர் உண்டு, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான் என்று சொல்வார்கள். பிறகுதான் 'கேப்டன் விடியல்' என்ற குழந்தைகள் தொடர் வந்தது. கேப்டனின் பரம எதிரி துருவேந்தனாக வெண்டல் ஆனான். கைபட்ட இரும்பையெல்லாம் துருவாக உதிர்த்துவிடுகிற அரசன். இரும்பு முகமூடி, தோளில் முள், தரையில் புரளும் அங்கி. முகம் ஒரு நொடிகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த அகன்ற தோளும், கேட்டதெல்லாம் அந்தச் சிரிப்பும்தான். கார் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பழகியபோது பக்கத்து வீட்டு நாய் ஊளையிட ஆரம்பித்தது. நாய்க்கே பிடித்துவிட்டது என்று வெண்டல் எடுத்துக்கொண்டான். அந்த வேலை அவனுக்கு உயிர்.

தொடர் என்பது சும்மா பேருக்கு. அதற்குப் பணம் போட்டது ஒரு பொம்மைக் கம்பெனி. சனிக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஓடுகிற விளம்பரம் அது. நடிகர்கள் அத்தனை பேருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் உருவம் உண்டு. கதையை எழுதுவது எழுத்தாளர்கள் என்று எழுத்தாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிந்த வாரம் தயாரிப்பாளர் எர்வ் லாஸ்கர் கேன்டீனில் வெண்டலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வான்கோழி சாண்ட்விச்சைப் பிரித்தபடியே சொன்னார்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் பொம்மைக்காரங்க கூடிப் பேசப் போறாங்க, வெண்டல். பொம்மை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுத்தான், அடுத்த வருஷம் யார் இருக்கறது யார் சாகறதுன்னு முடிவாகும்."

"நான் எப்படிப் போறேன்?"

"முழுசாத் தெரியல. உன் விற்பனை நம்பர் ரொம்பச் சின்னதா இருக்குன்னு காதுல விழுந்துச்சு."

வெண்டல் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போது ஒரு யோசனை உதித்தது. பொம்மை விற்காததால்தானே சாவு? நாமே போய் நம்மை அள்ளிக்கொண்டு வந்துவிட்டால்? ஊர் பிள்ளைகள் வாங்காவிட்டால் என்ன, தன்னைத் தானே வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். புத்திசாலித்தனமான யோசனைதான், அவன் தரத்துக்கு.

மறுநாள் வான் நைஸில் இருந்த பெரிய பொம்மைக் கடைக்குப் போனான். சுவர் முழுக்கக் கேப்டன் விடியல் தொங்கிக்கொண்டிருந்தான். நீலச் சட்டை, மஞ்சள் தொப்பி, இடுப்பில் கை. பனிச்சறுக்குக் கேப்டன், நீர்மூழ்கிக் கேப்டன், காட்டுக் கேப்டன். துருவேந்தன் ஒருத்தன்கூட இல்லை. வெண்டல் கொக்கிகளில் கையை விட்டு ஒவ்வொரு கேப்டனுக்குப் பின்னாலும் தேடிப் பார்த்தான். அங்கேயும் கேப்டன்தான்.

கல்லாவில் ஃபேய் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், சூயிங்கம் மென்றபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துருவேந்தனா, சார்?"

"எப்படித் தெரியும்?"

"கேப்டனைத் தேடறவங்க யாரும் பின்னாடி கைய விட்டுத் துழாவ மாட்டாங்க. அவன்தான் கண்ணைக் குத்தறானே."

"ஏன் இல்ல? விக்கலன்னு திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"திருப்பி அனுப்பறதுக்கு வந்தாத்தானே. ஒரு பெட்டிக்குப் பன்னெண்டு பொம்மை. அதுல துருவேந்தன் ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் கேப்டனும் அவரோட சொந்தக்காரங்களும்."

"அது ஏன் அப்படி?"

"கெட்டவனுக்கு எந்தத் தாயும் காசு கொடுக்க மாட்டாங்கறது கம்பெனியோட நெனப்பு. அங்க யாருக்கும் பிள்ளைங்களே இல்ல போல. ஊர்ல இருக்கற எல்லாப் பயலும் ஒரு கேப்டன் வச்சிருக்கான், அடிக்க ஆளில்லாம உக்காந்திருக்கான். அந்த ஒண்ணு வர்ற அன்னிக்குக் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே தடித்தடி ஆம்பளைங்க வரிசையில நிப்பாங்க." சூயிங்கத்தை மறுகன்னத்துக்குத் தள்ளினாள். "உங்க பையனுக்கா?"

"எனக்குத்தான்."

"பரவால்ல. இங்க வர்றவங்கள்ல நெசத்தைச் சொன்ன மொத ஆம்பளை நீங்கதான்."

அதற்குப் பிறகு வெண்டல் சுற்றுவட்டாரம் முழுவதும் அலைந்தான். ரெசீடா, கிளென்டேல், பசடேனா. எங்கும் கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை வரவேற்றான். ஒரு கடைக்காரர், தோள்முள் குழந்தைகளின் கண்ணைக் குத்திவிடும் என்பதால் நிறுத்திவிட்டார்கள் என்றார். இன்னொருவர், சரக்கு இறக்கும் பையன்களே சுருட்டிவிடுகிறார்கள் என்றார். பர்பேங்கிலேயே ஒரு கடையில் பெட்டி பிரிக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டான். துருவேந்தன் கண்ணில் பட்டதும் கையை நீட்டினான். வழுக்கைத் தலை ஆள் ஒருவர் முழங்கையால் வெண்டலின் விலாவில் ஒரு இடி இடித்துவிட்டு அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டார். உலகத்தையே நடுங்க வைத்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டு சோளப்பொரி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் மனைவி டோலரஸ் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தவுடனே எங்கே சொத்தை என்று கண்டுபிடிக்கிற பெண் அவள்.

"பதினெட்டு வருஷமா உன்னைச் சும்மா வச்சிருக்கேன், ஒருத்தி வந்து கேட்டதில்ல. கடைக்காரன் உன்னை வச்சான், அடிச்சிட்டுப் போறாங்க."

"கிண்டல் பண்ணாத, டோலி. வேலை போகப் போகுது."

"ஏன் போகுது? கடையில நீ இல்லன்னா என்ன அர்த்தம்? வித்துப் போச்சுன்னு அர்த்தம். அந்தக் கேப்டன்தான் தொங்கறான், நீ தொங்கல. இதைப் போய் அந்த எர்வ்கிட்டச் சொல்லாம, வயசான காலத்துல வரிசையில நின்னு இடி வாங்கிட்டு வர்ற."

வெண்டல் அவளையே பார்த்தான். பிறகு ஐஸ்கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். விலா வலித்தது. அன்றைக்கு அவன் அடைந்த நிம்மதிக்கு அளவே இல்லை.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எர்வ் லாஸ்கரின் அறைக்குள் நுழைந்தான். கம்பெனிக் கூட்டம் முன்கூட்டியே முடிந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

"எர்வ், நான் எல்லாக் கடையிலயும் வித்துத் தீந்துட்டேன்."

"தெரியுமே," என்றார் எர்வ். "நாடு முழுக்க ஒண்ணு பாக்கியில்ல. கிடங்குல கேப்டன்தான் கூரை வரைக்கும் கிடக்கறான்."

"அப்போ நான் தப்பிச்சேன்."

எர்வ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காரு. வித்துப் போன பொருளுக்கு விளம்பரம் எதுக்கு, சொல்லு? விக்காம கிடக்கறவனைத்தானே தூக்கி நிறுத்தணும். கேப்டனை எப்படிப் பெரிய ஆளாக்கறது? யாரையாவது கொல்லணும். கேப்டனோட சமையக்காரனையா கொல்லச் சொல்ற?"

"என்னை இன்னும் கொஞ்சம் பண்ணி வித்தா என்ன?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அவங்க கணக்குல, கடைக்கு வித்த பன்னெண்டு பொம்மையில துருவேந்தன் ஒண்ணுதான். ஜனங்களுக்கு வேண்டியது அவ்வளவுதானாம்."

"பெட்டியில வச்சதே ஒண்ணுதானே, எர்வ்."

"அதையும் சொன்னேன். பாத்தீங்களா, எவ்வளவு கச்சிதமா வச்சிருக்கோம்னு ஒருத்தருக்கொருத்தர் கைகுலுக்கிக்கிட்டாங்க."

விற்றுப்போகாதவன் பிழைக்க, விற்றுப்போனவன் சாக வேண்டும். கம்பெனியின் கணக்குக்குக் கம்பெனியே சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான்.

ஜனவரியில் துருவேந்தனைக் கொன்றார்கள். கேப்டனாக நடித்த டிரெண்ட் மாலோய்க்கு வசனம் நான்கு வரி, நான்கிலும் தடுக்கினான். வெண்டல் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் எழுந்து, சலிக்காமல் செத்தான். இருபது வருடம் பிணமாகக் கிடந்து கற்றதையெல்லாம் அந்தச் சாவில் கொட்டினான். கேமராக்காரர்கள் கைதட்டினார்கள். முகமூடிக்குள் அவன் நிஜமாகவே அழுதான். இரும்புக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

டிரெண்ட் அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். "வெண்டல், ஒரு உதவி. எம்பையன் கேப்டன் வேணாங்கறான், நீதான் வேணுமாம். ஒண்ணு கிடைக்குமா?"

"எனக்கே கிடைக்கல, டிரெண்ட்," என்றான் வெண்டல்.

இரண்டு வாரம் கழித்து எர்வ் போன் செய்தார். கிடங்கைக் காலி செய்ய, சனிக்கிழமைகளில் கடை கடையாகக் கேப்டன் நேரில் வந்து நிற்க வேண்டுமாம். டிரெண்ட் மாட்டேன் என்றுவிட்டான். கேப்டன் பறக்கும்போது போடுகிற தலைக்கவசத்தைப் போட்டுவிட்டால் முகம் தெரியாது. அவனுக்குப் பதில் வெண்டல் நிற்கலாம், தோள்தான் வேண்டும். வேலையில்லாத நடிகனுக்குச் நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்பது வெண்டலுக்கும் தெரியும், எர்வுக்கும் தெரியும். சரி என்றான்.

முதல் சனிக்கிழமை ஃப்ரெஸ்னோவில் ஒரு பொம்மைக் கடையில். நீலச் சட்டை, மஞ்சள் கவசம், இடுப்பில் கை. எதிரே மேஜையில் கேப்டன்கள் பாதி விலையில் மலையாகக் குவிந்திருந்தார்கள். மதியம்வரை ஒன்றும் நகரவில்லை. தள்ளுவண்டியோடு வந்த ஒரு தாயின் கையை உதறிவிட்டு, முன்பல் விழுந்த ஒரு பொடியன் அவன் முன்னால் வந்து நின்றான்.

"துருவேந்தன் இருக்கானா?"

"இல்ல தம்பி. செத்துட்டான்."

"தெரியும். நீதானே கொன்ன?"

கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த வசனம் இருந்தது: வெளிச்சமே வெல்லும். வெண்டல் அதை விட்டுவிட்டான்.

"ஆமா, நான்தான்."

"ஏன் கொன்ன?"

"அவன் வித்துப் போயிட்டான். நான் விக்கல. அதான் கொன்னேன்."

தாய் சங்கடத்தோடு பையனின் தோளைத் தொட்டாள். பையன் நகரவில்லை. கவசத்தின் கருப்புக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தான், யோசித்தான். பிறகு மேஜையிலிருந்து ஒரு கேப்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, எனக்கு இது வேணும்."

"உங்கிட்டதான் ரெண்டு கேப்டன் இருக்கே."

"அவங்க நல்லவங்க. இவன் பொறாமை பிடிச்சவன். இவன்தான் இனிமே வில்லன்."

தாய் விலையைப் பார்த்துவிட்டு அதை வண்டியில் போட்டாள். வெண்டலுக்கு விலா வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. தலைக்கவசத்துக்குள்ளிருந்து துருவேந்தனின் அந்தப் பழைய சிரிப்பு கடை முழுக்க அதிர்ந்தது. பையன் ஓடவில்லை. திரும்பி வந்து இன்னொரு கேப்டனையும் எடுத்துக்கொண்டான்.