ரெண்டு அமிர்தம்

மூன்றாம் வருஷம் பி.ஏ. இங்கிலீஷில் எழுபது மார்க்குக்கு மேல் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு பரீட்சைக்குப் பதிலாக ப்ராஜெக்ட் கொடுப்பார்கள். சிதம்பரத்தில் நான் படித்த காலேஜில் 2009-இல் அப்படி நாலு பேர். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு நாவலை எடுத்து ஆராய்ந்தார்கள். நான் கதை எழுதுகிறேன் என்றேன். இங்கிலீஷில், சொந்தமாக. கைடு ஞானசேகரன் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க வீட்ல இதுக்கு முன்ன யாராவது காலேஜ் போயிருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப ஏம்மா ரிஸ்க்கு? கிராமர் உதைச்சா நான் காப்பாத்த முடியாது."

அந்த ஆத்திரத்தில்தான் நாற்பது பக்கம் எழுதினேன்.

கதை இதுதான். ஒரு மாடி வீடு. அந்த வீட்டுப் பெண், தன் வீட்டில் வேலை செய்யும் அமிர்தம் என்பவளைப் பற்றிச் சொல்கிறாள்.

அமிர்தம் என் அம்மா. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு எஞ்சினியர் வீட்டில் பதினாலு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து வீடு கூட்டுகிறாள். கதை சொல்லும் பெண் நான். ஆனால் கதையில் நான் இருப்பது மாடியில், ஜன்னல் ஓரத்து அறையில், மேஜை விளக்கோடு. அந்த அறைக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. எந்த பீரோ கதவு இறுக்கம், மத்தியான வெயில் எந்த மூலையில் விழும், எல்லாமே அதைத் துடைக்கிற அம்மா சொல்லித்தான் தெரியும். காலேஜ் பஸ் விட்டு இறங்கியதும் தினமும் உட்காரவைத்துக் கேட்டேன்.

"என்னப் பத்தியா எழுதுற? எழுது எழுது. பல்லு விழுந்தத மட்டும் போட்டுடாத."

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால் நியாயம் ஒன்றும் இல்லை. நாங்கள் படித்த கதைகளில் வேலைக்காரி மூன்றாம் பக்கத்தில் காபி கொண்டுவந்து வைப்பாள். ஐந்தாம் பக்கத்தில் காணாமல் போவாள். ‘நான்’ என்று பேசுகிறவள் காபி குடிக்கிறவள். இங்கிலீஷில் ‘ஐ’ என்று எழுதியதுமே என் கால் தானாக மாடிப்படி ஏறிவிட்டது. வேலைக்காரிக்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒரு வரி ஓடவில்லை. அமிர்தம் என்று போட்டதும் ஓடியது.

மாட்டிக்கொண்டது நன்றிப் பக்கத்தில். எல்லா ப்ராஜெக்டிலும் முதலில் அது இருக்கும். கடவுள், பிரின்சிபால், கைடு, அப்பா, அம்மா. அண்ணாமலை நகரில் நாங்கள் டைப் அடிக்கக் கொடுக்கும் கடையில் அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும், பெயரை மட்டும் மாற்றுவார்கள். என் கிளாஸ்மேட் ரேகா, தன்னுடையதோடு என்னுடையதையும் கொடுத்தபோது என் அப்பா அம்மா பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தங்க எழுத்து போட்டு பைண்டிங் முடிந்து வந்த பிறகுதான் பார்த்தேன். திரு. சின்னையன், திருமதி அமிர்தம். மறுநாள் வைவா, நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் பரீட்சை.

வெளியூரிலிருந்து வந்திருந்த மேடம் நிதானமாகப் புரட்டினார். "நல்லா வந்திருக்கு வெண்மதி. அந்த சர்வன்ட்டக் கூடவே இருந்து பாத்திருக்க." பிறகு முதல் பக்கத்துக்குப் போனார். "அம்மா பேரும் அமிர்தமா?"

ஞானசேகரன் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாராவது காலேஜ் போயிருக்காங்களா என்று கேட்ட அதே பார்வை.

"ஆமா மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

"அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்லதான் இருக்காங்க மேடம்."

"இந்த அமிர்தம்?"

"வேலைய விட்டு நின்னுட்டா."

தொண்ணூற்றி இரண்டு போட்டார்கள். அந்த வருஷம் அதுதான் ஜாஸ்தி.

ஒரு காப்பி டிபார்ட்மெண்ட் பீரோவுக்குப் போனது. இன்றைக்கும் அங்கே இருக்கும். இன்னொன்று எனக்கு. "படிச்சிக் காட்டு" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். "இங்கிலீஷும்மா, உனக்குப் புரியாது" என்று சொல்லிப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் இல்லை. அம்மா அதை எஞ்சினியர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். அந்த வீட்டம்மா டீச்சராக இருந்தவர்.

சாயங்காலம் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவுங்க முழுசும் படிச்சாங்க. எனக்குத் தமிழ்லயும் சொன்னாங்க."

நான் சுவரைப் பார்த்தேன்.

"கதையில நான் நல்லவளாம். திருட மாட்டேனாம். காய்ச்சல்லயும் லீவு போடாம வருவேனாம்."

"ம்மா."

"பெங்களூர்லேருந்து அவுங்க பொண்ணு போன் பண்ணுச்சு. ‘உன் ரூமுக்கு வேற ஆளு குடிவந்துட்டாங்கடி’ன்னு சொல்லி இந்தம்மா சிரிக்கிறாங்க." அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

திட்டியிருக்கலாம். விளக்குமாற்றால் இரண்டு போட்டிருக்கலாம். பதிலுக்குக் கத்த எனக்குத் தெரியும். பஸ்ஸில் கண்டக்டரிலிருந்து எல்லாரிடமும் கத்துகிறவள்தானே நான்.

"உங்க டீச்சருங்க என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

ஒரு பொய் வாய்வரை வந்தது. அதையும் சொல்லிவிட்டால் பிறகு இந்த முகத்தைப் பார்க்கவே முடியாது என்று தோன்றியது.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னு சொன்னேன். அம்மா வீட்ல இருக்காங்க, வேலக்காரி வேலைய விட்டு நின்னுட்டான்னு சொன்னேன்."

அம்மா துண்டை அவிழ்த்து, புத்தகத்தின் மேல் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

"நின்னுட்டா அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவாளாம் அவ?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

"அத எழுதலயா நீ?"

"எழுதல."

அம்மா புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, சோறு போட எழுந்தாள். எனக்குத்தான் முதலில் போட்டாள்.