வாசலுக்கு வந்த வெற்றிலை

மேற்கே சாய்ந்த கதிரவன் இலங்கையின் டிக்கோயா மலைகளின் தோளில் செம்பொன்னைச் சிறிதே தடவிவிட்டு மறைய, பள்ளத்திலிருந்து எழுந்த வெண்பனி தேயிலைச் செடிகளை நிரை நிரையாக விழுங்கிக்கொண்டு மேலேற, நாளெல்லாம் கொழுந்து கிள்ளிக் களைத்த பெண்டிர் ஈரம் சொட்டும் கூடைகளோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கிவரும் அந்திப் பொழுது, அன்புடைய வாசகரே, காண்பதற்கு மிக இனியது. அதில் நடப்பதற்குத்தான் இனிமை போதாது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கடந்தும் நாடற்றவர் என்னும் பெயர் கழியாத அம்மக்கள் குடியிருந்த நெடிய தகரக் கூரை வரிசைக்கு லயம் என்று பெயர். கூரை ஒன்று, தாழ்வாரம் ஒன்று. நடுவே சுவர் எழுப்பிக் காம்பரா என்னும் அறைகளாக வகுத்திருந்தார்கள். அச்சுவர்களோ கூரையைத் தொடுவதில்லை. கட்டிய துரைக்கு அதனால் செங்கல் மிச்சமாயிற்று. குடியிருந்தவர்க்கோ, இந்த அறையில் இருமினால் அடுத்த அறையில் சுடுநீர் வைக்கும் உறவு வாய்த்தது.

அவ்வரிசையில் அடுத்தடுத்து வாழ்ந்தவர் காளியாயியும் மீனம்மாவும். காளியாயியின் கணவன் கந்தப்பன் குற்றம் சொல்ல முடியாத மனிதன். ஆனால் பத்துக் கேள்விக்கு ஒரு ‘ம்’ கொட்டுகிறவன். பிள்ளைப் பேறும் வாய்க்காத அவளுக்குப் பேச்சென்றாலும் மீனம்மாதான், சிரிப்பென்றாலும் மீனம்மாதான். மீனம்மாவின் மகள் அழகம்மா பிறந்தபோது குழந்தையை முதன்முதலில் ஏந்தியவை காளியாயியின் கைகளே. அந்தக் கைகளின் பெருமையை அவள் யாரிடமும் சொல்லாத நாளில்லை.

லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் நல்லது நடக்குமாயின் அயலாரை வாசலில் நின்று வெற்றிலை வைத்து அழைப்பர். அடுத்த அறை உறவையோ சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவர். தட்டு விழுந்த மறுநொடி அதைக் கேட்டவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். உள்வீட்டு ஆளுக்கு வெற்றிலை வைப்பது ‘நீ எனக்கு வெளியாள்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும்.

இவ்வாறு இனிது நடந்த வாழ்வில், மீனம்மாவின் கணவன் வீரய்யா ஒருநாள் அட்டன் நகரத்துக் கடையிலிருந்து வானொலிப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். லயமே அவன் அறையில் கூடிற்று. காளியாயியும் முதலில் களித்தாள். பொய் சொல்வானேன், முன்வரிசையில் அமர்ந்து பாட்டுக் கேட்டாள். ஆனால் மறுநாள் அந்தியில், வழக்கம்போல் பலகைமேல் ஏறிச் சுவருக்கு மேலே தலைநீட்டி, “மதினி, இன்னைக்கு மலையில கங்காணி என்னா சொன்னாரு தெரியுமா?” என்று அவள் தொடங்கியபோது, கீழிருந்து மீனம்மா கையை உயர்த்தினாள்.

“செத்த பொறு மதினி. பாட்டு போகுது.”

பொறுத்தாள். ஒரு பாட்டு முடிய மறுபாட்டு வந்தது. அது முடியச் செய்தி வந்தது. செய்தி முடிய எவனோ ஒருவன் வேடிக்கை பேசினான், மீனம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். காளியாயி பலகையைவிட்டு இறங்கினாள். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு இத்தனை சிரிப்பா? கங்காணியைப் போல நடந்து காட்டி நான் சிரிக்க வைத்ததெல்லாம் எங்கே போயிற்று? பெட்டி தனக்கில்லையே என்னும் ஏக்கமன்று அது. தன் இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்துவிட்டதே என்னும் பொறாமை. உயிருள்ள ஒருத்தியிடம் தோற்றிருந்தால் மயிரைப் பிடித்தாவது சண்டையிட்டிருப்பாள். மரப்பெட்டியோடு எப்படிச் சண்டையிடுவது?

“ஏங்க, அந்தப் பொட்டி நம்ம காம்பராவுக்கும் வரணும். பசுவ வித்துப்புடுங்க” என்றாள் கணவனிடம்.

“பால் குடுக்குதே” என்றான் கந்தப்பன். அவனுக்கு அது பெரும் பேச்சு.

“குடுக்கட்டும். பாட்டா பாடுது?”

பசு போயிற்று, பெட்டி வந்தது. மீனம்மா ஓடிவருவாள், பக்கத்தில் அமர்வாள், இருவரும் பழையபடி ஒன்றாகச் சிரிப்போம் என்று காளியாயி காத்திருந்தாள். மீனம்மாவும் வந்தாள், பார்த்தாள், “நல்லாருக்கு மதினி. இனிமே ஒனக்கும் பொழுது போகும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடிப்பாவி, உன்னோடு போன பொழுதுக்கு என்ன கேடு வந்தது என்று காளியாயி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மாறாக, பெட்டியைச் சுவரோரம் உயர்த்தி வைத்து ஒலியைக் கூட்டினாள். அங்கே கூட்டினார்கள், இங்கும் கூட்டினாள். ஒரு கூரையின்கீழ் இரு பெட்டிகள் இரைந்து இரைந்து ஒன்றும் விளங்காமற் போகவே, வீரய்யா தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறைந்து சுவரின் மேல்வெளியை அடைத்தான். “நல்லதாப் போச்சு!” என்று அவனுக்குக் கேட்கும்படி கூவிவிட்டு, காளியாயி அடுப்படியில் அமர்ந்து அழுதாள்.

தை மாதத்து ஞாயிறு நண்பகல். கந்தப்பன் அட்டனுக்குப் போயிருந்தான். பெட்டி பாடிக்கொண்டிருக்கையில் சுவரில் தட்டு விழுந்தது. காளியாயியின் மார்பு ஒருகணம் துள்ளிற்று. மறுகணமே அழுக்காறு அவள் காதில் வேறு பொருள் ஓதிற்று. இரைச்சல் பொறுக்காமல் அல்லவா தட்டுகிறாள்! “தட்டு, நல்லாத் தட்டு! எனக்கு மட்டும் வலிக்கலையா?” என்று ஒலியைக் கூட்டினாள். மீண்டும் தட்டு விழுந்தது. மீண்டும் கூட்டினாள். மூன்றாவதாக விழுந்தது மெல்லிய தட்டு, அதன்பின் ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் பலகைக்கு அப்பாலிருந்து குலவை ஒலி கசிந்து வந்தது. மீனம்மாவின் பெட்டியில் ஏதோ கூத்து நடக்கிறது போலும் என்று காளியாயி உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

மறுநாள் கொழுந்து மலையில், பக்கத்து நிரையில் கிள்ளிக்கொண்டிருந்த வேலாயி கேட்டாள்: “என்னா காளியாயி, நேத்து அழகம்மாவுக்குப் பரிசம் போட்டாங்க, ஒன்னையக் காணலியே? மாப்பிள்ளை கொத்மலையாம். பெறகு வாரோம்னு சொல்லியிருந்தவங்க திடீர்னு வந்து நின்னுட்டாங்களாம்.”

கிள்ளிய கொழுந்து கையிலிருந்து உதிர்ந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் மீனம்மாவைக் கண்டதும் அவளிடம் ஓடினாள்.

“மதினி, நீ சத்தத்தக் கொறைக்கச் சொல்றேன்னுல்ல நெனச்சேன்!”

மீனம்மா கூடையை இறக்கி வைத்தாள். அவள் கண்ணில் சினமில்லை, இருந்திருந்தால் நன்றாயிருக்கும். “தட்டத் தட்டப் பாட்டக் கூட்டுன மதினி. மாப்பிள்ளை வீட்டு ஆளுக பாத்துக்கிட்டு இருந்தாங்க. புள்ளைய ஏந்துன கை வந்து பூ வைக்கட்டும்னு நல்ல நேரம் போகப் போக உக்காந்திருந்தோம். அப்பறம் என்னா செய்யிறது?”

அன்றே காளியாயி பெட்டியைத் துணியால் மூடினாள். அந்திதோறும் சுவரோரம் அமர்ந்தாள். தட்டு விழும், பழைய தட்டு, விழுந்ததும் ஓடிப்போய்க் காலில் விழுந்தாவது சேர்ந்துவிடலாம் என்று காதைச் சுவரில் வைத்தே கிடந்தாள். அப்பால் பாட்டுக் கேட்டது, செய்தி கேட்டது, தட்டு மட்டும் கேட்கவில்லை.

மாசி முடியும் ஒரு மாலையில் தட்டுக் கேட்டது. சுவரிலன்று, கதவில். திறந்தாள். புதுச் சேலையுடுத்த மீனம்மாவும், தலைப்பாகை கட்டிய வீரய்யாவும் வாசலில் நின்றார்கள். மீனம்மாவின் கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம்.

“பங்குனியில அழகம்மாவுக்குக் கல்யாணம். அவசியம் வந்துருங்க.”

“உள்ள வா மதினி” என்றாள் காளியாயி.

“இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லணும்” என்றாள் மீனம்மா. தட்டை நீட்டினாள். குறையேதும் சொல்ல முடியாத மரியாதை அது. காளியாயி இரு கைகளாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை ஏந்திய அதே கைகள்.

அன்புடைய வாசகரே, பகையால் பிரிந்தவர் என்றேனும் கூடுவர். பகைக்கு ஒரு நினைவு உண்டு. பொறாமை செவியை அடைக்க, இரைச்சல் சுவரை அடைக்க, இப்படிப் பண்போடு பிரிந்தவரைக் கூட்டுவிக்கும் வழிதான் எவருக்கும் தெரிவதில்லை. அவர்கள் தாழ்வாரத்தில் நடந்து அடுத்த வாசலில் நிற்கும் ஓசை கேட்டது.

கொல்லையிலிருந்து வந்த கந்தப்பன், அவள் கையில் வெற்றிலையைக் கண்டு, “யாரு வந்துட்டுப் போறது?” என்றான்.

அவள் வெற்றிலையை மூடிய பெட்டிமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: “பக்கத்து காம்பராக்காரங்க.”