நண்டும் பிரம்பியும் மோதிய வியாழக்கிழமை

குவீன்ஸ்லாந்தின் வடகரையில் மாலன் கிரீக் என்ற எங்கள் ஊரில் பெருவெள்ளம் வந்த பிப்ரவரியில் டேல் டாலிஸுக்கு இடது கண் போனது. எந்த முகாமில் இடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய எச்சரிக்கை இணையதளம் நாற்பது நிமிடம் உறைந்து நின்றது. வேறு வழி தெரியாமல் ஊரே பள்ளி மண்டபத்துக்கு ஓடியது. மண்டபம் முன்பே நிரம்பியிருந்தது. கதவை யாரோ உள்ளிருந்து இழுத்துச் சாத்த, வெளியே இருந்தவர்கள் மிதித்தார்கள். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த ஒருத்தியைக் கீழே தள்ளினார்கள். டேல் அவளைத் தூக்கிவிடக் குனிந்து நிமிரும்போது, எவனோ வீசிய வீல் ஸ்பேனர் அவன் முகத்தில் இறங்கியது. வீசியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அந்தத் தளத்தைக் கட்டியது எங்கள் அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். டேலின் அக்கா பிரான் டாலிஸ் எங்களில் ஒருத்தி. வார இறுதியில் பெண்கள் ரக்பி அணியில் முன்வரிசையில் நின்று முட்டுகிறவள். தளத்தைச் சுமை வைத்துச் சோதித்து, தாங்கும் என்று சான்று கொடுத்தவன் கோரின் ஹேடோ. ஐந்து வருடம் தனியாக உட்கார்ந்து அவனே எழுதிய சோதனைக் கருவி அது. பிரம்பி என்று காட்டுக்குதிரையின் பெயரை அதற்கு வைத்திருந்தான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்தால் தளம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கத்தான் இத்தகைய கருவிகள். வெள்ளத்தில் தொலைபேசிக் கம்பம் விழுந்ததுதான் காரணம், தளத்தில் குறையே இல்லை என்று கோரின் சொன்னான். அதை அவன் நம்பவும் செய்தான்.

அடுத்த மழைக்கு முன் புதிய தளம் கட்ட வேண்டியிருந்தது. எந்தக் கருவியை வைத்துச் சோதிப்பது என்ற கேள்வி வந்ததும் கோரின் ஓர் ஒப்பீடு போட்டான். நண்டு என்று பொருள்படும் பெயருடைய இன்னொரு கருவி அப்போது நியூசிலாந்தில் பேசப்பட்டுவந்தது. பிரம்பி அதைவிட மூன்று மடங்கு வேகம் என்று அவன் வரைபடம் காட்டியது. பிரம்பி ஓடியது சர்வருக்குப் பக்கத்திலேயே, புத்தம்புது இயந்திரத்தில். நண்டு ஓடியது ஒரு பழைய லேப்டாப்பில், சுவருக்கு அப்பாலிருந்து வைஃபையில். அதை அடிக்குறிப்பாகக்கூட அவன் எழுதவில்லை.

பிரான் அதைக் கண்டுபிடித்த அன்று கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே போனாள். மறுநாள் அவளே ஓர் ஒப்பீடு செய்தாள். பிரம்பிக்குக் கால்வாசி நினைவகம்தான் கொடுத்தாள். வருகிற ஒவ்வொரு பதிலையும் வன்வட்டில் எழுதச் சொன்னாள். நான்கு நிமிடத்தில் பிரம்பி விழுந்து செத்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகம் சிவந்திருந்தது, சந்தோஷத்தில்.

"அவன் பண்ணதைத்தானே நீயும் பண்ணியிருக்கே" என்றேன்.

அவள் கையிலிருந்த காபிக் கோப்பை என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. சட்டையெல்லாம் சூடாகக் காபி வழிந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாலைக்குள் அந்த முடிவுகளை அழித்துவிட்டு, எங்கள் முதலாளி ட்ரூடி வசாலோவிடம் போய், இந்தச் சோதனையை நேர்மையாக நடத்த ஒரு வாரம் கேட்டாள்.

அந்த வாரம் அவளுக்கு எப்படிப் போனது என்பதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தேன். கோரினைக் கொன்றுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே அவனுக்கு அநியாயம் நேராதபடி ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்கள், ஒரே நீளக் கம்பி. பிரம்பியைக் கோரினே அமைக்கட்டும், நண்டை அதை எழுதியவரே நியூசிலாந்தின் டனீடினிலிருந்து அமைக்கட்டும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் பத்துச் சுற்று. எது முதலில் ஓடுவது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தாள். கருவி மூச்சுத் திணறினால் அந்தப் பழி சர்வர் மேல் விழக் கூடாதென்று, கருவி ஓடும் இயந்திரத்தையும் தனியே கண்காணித்தாள். விதிகளைத் தாளில் எழுதி நீட்டியபோது கோரின் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். முட்டி அடிக்கிறவளுக்கு எழுதக்கூடத் தெரியுதே என்று சிரித்தான். அவள் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை எல்லோரும் கூடினோம். ஊர் நிர்வாகச் சபையான சிற்றவையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். வெறும் வேகத்தில் பிரம்பி கொஞ்சம் முந்தியது. பிரான் அதைச் சத்தமாகவே படித்தாள். வினாடிக்கு இரண்டாயிரம் கோரிக்கைகளைத் தாண்டினால் நண்டு தானே திணறிவிட்டு, சர்வர் மெதுவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது என்பதையும் படித்தாள். கோரின் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

கடைசிச் சோதனை தாளில் எழுதியிருந்ததுதான். வினாடிக்கு ஐந்நூறு பேர் வீதம் பத்து நிமிடம். நடுவில் சர்வரை வேண்டுமென்றே இருபது வினாடி உறைய வைக்க வேண்டும்.

நண்டின் திரை சிவந்தது. நூற்றுக்கு மூன்று பேருக்குமேல் தவித்ததாகச் சொன்னது. பிரம்பியின் திரை பச்சையாகவே இருந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் பத்தில் ஒரு வினாடியில் பதில், ஐம்பதே ஐம்பது பேருக்கு மட்டும் தாமதம் என்றது.

சிற்றவைக்காரர் ஒருவர் இதில் எது உண்மை என்று கேட்டார். பிரான் விளக்கினாள். பிரம்பி ஐம்பது போலி ஆட்களை வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு ஆளும் பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி கேட்பான். சர்வர் உறைந்தால் ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள், கேள்வியே எழாது. நிஜத்தில் ஊர் அப்படிக் காத்திருக்காது. வினாடிக்கு ஐந்நூறு பேர் வந்துகொண்டேதான் இருப்பார்கள். இருபது வினாடிக்குப் பத்தாயிரம் பேர். நண்டு அவர்களை எண்ணுகிறது, பிரம்பி எண்ணவில்லை.

கோரின் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். அவன் கண்கள் எண்களின் மேல் திரும்பத் திரும்ப ஓடின. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஐந்து வருட உழைப்பில் எந்த வரியில் பிழை என்பதுகூட அந்த நிமிடமே தெரிந்திருக்கும். முகம் வெளிறிப்போயிருந்தது.

பிரான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பழைய தளமும் இப்படித்தான் உறைஞ்சிருக்கு, கோரின். உன் குதிரை அப்பவும் பச்சைதான் காட்டிச்சு. நீ எண்ணாம விட்டவங்கள்ல என் தம்பியும் ஒருத்தன்."

"உன் தம்பி குடிச்சிட்டுப் போய்ச் சண்டை இழுத்தான். அவன் கண்ணுக்கு நான் பதில் சொல்லணுமா?"

டேல் குடிக்கிறவனே இல்லை. பிரான் ஓர் அடி முன்னே வைத்தாள். கோரினுக்குப் பயமோ வெறுப்போ தெரியவில்லை, மேஜையிலிருந்த விசைப்பலகையை எடுத்து அவள் வாயில் ஓங்கி அடித்தான். எழுத்துப் பொத்தான்கள் தரையில் சிதறின. அவள் கீழுதடு இரண்டாகக் கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. தோளால் அவன் மார்பில் முட்டி மேஜையோடு சேர்த்துச் சாய்த்தாள். முதல் குத்தில் மூக்கு நொறுங்கியது. மூன்றாவதிலோ நான்காவதிலோ தாடை போயிற்று. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் கைகள் தளர்ந்து விழுந்த பிறகும் அவள் விலா எலும்புகளில் முழங்காலை இறக்கிக்கொண்டே இருந்தாள். நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோது அவள் முழங்கை என் வாயில் பட்டு முன்பல் ஒன்று போனது. மூன்று பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்தோம்.

"போதும் பிரான், விடு. அவன் செத்துப்போயிருவான்" என்று ட்ரூடி சொன்னாள். அந்தக் குரலில் சத்தமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பிரான் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து போலீஸ் வரும்வரை அப்படியே இருந்தாள்.

கோரினுக்குத் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன. ஏழு வாரம் குழாய் வழியாகத்தான் கஞ்சி குடித்தான். முதல் அடி அவனுடையது என்பதால் அவன்மீதும் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். பிரானுக்குப் பதினெட்டு மாதச் சிறை. அதில் ஆறு மாதம் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார் நீதிபதி.

தீர்ப்பு வருமுன் அவளுடைய வக்கீல் டேலின் கண்ணைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். டேல் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் அக்காவிடம் போனான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என் பேரை இதுல இழுக்காதே, பிரான். அன்னைக்கு ஸ்பேனரை வீசினவனும் கோபத்துலதான் வீசியிருப்பான். நீ அடிச்சது உனக்காக."

அவள் வக்கீலைக் கூப்பிட்டு, இனிமேல் தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொன்னாள்.

சோதனை முடிவுகளில் யாராலும் குறை காண முடியவில்லை. சிற்றவை நண்டையே தேர்ந்தெடுத்தது, அது திணறும் எல்லையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து. புதிய தளம் அடுத்த மழையில் இரண்டு முறை தள்ளாடி, விழாமல் நின்றது. முகாம் வாசல்களில் கூட்டம் இருந்தது, அடிதடி இல்லை.

வாய் கட்டியிருந்த வாரங்களில் கோரின் வீட்டிலிருந்தே பிரம்பியைத் திருத்தினான். பதில் வருகிறதோ இல்லையோ, குறித்த நேரத்துக்குக் கேள்வி போய்க்கொண்டே இருக்கும்படி மாற்றினான். பழைய ஒப்பீட்டை எடுத்துவிட்டு, அது நேர்மையற்றது என்று தன் பெயரிலேயே ஒரு பக்கம் எழுதி வெளியிட்டான். டேலைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் இன்றுவரை யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

பிரான் வெளியே வந்து போவன் என்ற ஊரில் ஒரு தக்காளிக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். ரக்பியை விட்டுவிட்டாள். டேல் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

போன மாதம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோரின் என் எதிரே வந்து உட்கார்ந்தான். இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, வலப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான். பாதி தின்ற பிறகு, "அவ எப்படி இருக்கா, வெஸ்?" என்றான்.

பரவாயில்லை என்றேன். தலையசைத்துவிட்டு மெல்வதைத் தொடர்ந்தான்.