மூன்றாவது அளவு

1975ஆம் வருடம் மழை பொய்த்தது. கம்மாபுரத்தில் பழமலையின் கிணறு வற்றிக்கொண்டிருந்தது. அவர் பம்பாயிலிருந்த தம்பி ராஜாங்கத்துக்கு மூன்று பாட்டில் தண்ணீர் அனுப்பினார். ஏரியில் எடுத்தது ஒன்று, தன் கிணற்றில் ஒன்று, பக்கத்துக் கொல்லையின் ஆழ்குழாயில் ஒன்று. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலையில் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. அதே மாதிரி அடுக்கி அனுப்பியதால் ஒரு பாட்டிலும் உடையவில்லை.

'கெணத்த இன்னும் பத்தடி தோண்டுனா ஊத்து வருமா, பாத்துச் சொல்லுப்பா' என்று எழுதியிருந்தார்.

அவர் சம்பளத்தில் படித்துத்தான் ராஜாங்கம் ஆய்வுக்கூட வேலைக்குப் போயிருந்தான். தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் எடை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு. ஏரி வெயிலில் காயும்போது எடை குறைந்தது முந்திக்கொண்டு ஆவியாகும், கூடியது தங்கும். அந்த விகிதத்தை அளந்தால் தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடலாம். ராஜாங்கம் அளந்தான். கிணற்றுத் தண்ணீர் ஏரித் தண்ணீரோடு அப்படியே பொருந்தியது. ஆழ்குழாய்த் தண்ணீரோடு ஒட்டவே இல்லை. கிணற்றுக்கு வருவது ஏரிக் கசிவுதான். ஏரியே வற்றும்போது பத்தடி தோண்டினாலும் பயனில்லை.

அண்ணனுக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தான். கருவி கிடைக்கும்வரை காத்திருந்து மறுபடி அளந்தான். மூன்றாம் முறையும் அளந்த பிறகே கடிதம் போட்டான்.

கடிதத்துக்குக் காத்திருந்த பழமலை, கரும்பு வாடுவதைப் பார்க்க முடியாமல் கிணற்றில் இறங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை, கிணற்றின் பக்கவாட்டு மண் சரிந்து அவரை மூடியது.

தந்தி கண்டு ராஜாங்கம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் தபால்காரர் அவன் எழுதிய கடிதத்தை அண்ணி அமிர்தத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"படிங்க தம்பி."

"வேணாம் அண்ணி."

"அவுருக்கு வந்ததுதான. படிங்க."

படித்தான். 'தோண்ட வேண்டாம் அண்ணா' என்ற வரியோடு கடிதத்தை மடித்துவிட்டான்.

"இது எப்பத் தெரிஞ்சிது ஒங்களுக்கு?"

"பதினெட்டு நாளுக்கு முன்னாடி. சரிதானான்னு இன்னும் ரெண்டு தடவ பாத்தேன்."

"மாறுச்சா?"

"இல்ல அண்ணி. மூணு தடவையும் ஒண்ணுதான்."

"தோண்டாதன்னு ஒரு கார்டு போட்டிருந்தா நின்னிருப்பாரே. நீங்க சொன்னா மறுபேச்சு பேசமாட்டாரே, தம்பி." சொல்லிக்கொண்டே அமிர்தம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

கிணற்றைத் தூர்த்துவிட முடிவானது. இரண்டு நாளும் ஆட்களோடு ராஜாங்கம் மண் சுமந்தான். உள்ளங்கை புண்ணாகியும் கூடையைக் கீழே வைக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வரேன் அண்ணி" என்றான். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. விருத்தாசலம் பஸ் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றான்.