முந்நூற்றுப் பன்னிரண்டாம் இடம்

பழைய குற்றாலத்தில் பாதிப் படி ஏறியிருந்தபோது ஸ்ரீவித்யா மேடம் கூப்பிட்டார். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர். சனிக்கிழமை காலையில் சும்மா போன் செய்கிற ஆள் இல்லை. என் அக்கா ராத்தாவையும் அவள் தூக்கிவந்த மகள் மாஜிதாவையும் படியோரக் கைப்பிடிக் கம்பி அருகே உட்காரச் சொல்லிவிட்டு, ரம்புட்டான் விற்பவர் பக்கம் தள்ளிப்போய் எடுத்தேன்.

"சனோபர், முந்நூத்திப் பன்னெண்டு உருக்குலையவே இல்ல. ஷேப் அப்படியே நிக்குது. ஆனா வேலை சுத்தமா ஜீரோ. ஆக்டிவ் சைட் அங்கதான் இருக்கு. கங்கிராட்ஸ்!"

நாலு வருஷத்தில் அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தைக் கேட்டதில்லை. "தேங்க்ஸ் மேம்" என்றேன்.

தசையில் சேரும் சர்க்கரையை உடைக்கிற ஒரு என்சைம். அதில் எந்த இடத்தில் வேலை நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பரோட்டாக் கடையில் தினம் ஒரு ஆளுக்கு லீவு கொடுத்துப் பார்க்கிற மாதிரி, என்சைம் என்கிற நீளச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக மாற்றிப் பார்க்க வேண்டும். யார் இல்லாத நாளில் பரோட்டா விழவில்லையோ அவர்தான் மாஸ்டராக இருக்கும். ஆனால் அவசரப்படக் கூடாது. அன்றைக்குக் கடையே இடிந்து கிடந்தால், நாம் எடுத்தது மாஸ்டரை அல்ல, தூணை. தூண் போனால் முட்டுக் கொடுக்க மாத்திரை இருக்கிறது. மாஸ்டர் போனால் அந்த மாத்திரையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மாஜிக்கு ஏழு வயது. அவள் உடம்பில் இந்த என்சைம் வேலை செய்யவில்லை; அதனால் தசை தளர்ந்துகொண்டே வருகிறது. அவளுடைய பரிசோதனைத் தாளில், பழுதான கண்ணி என்று இருந்த எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. என் பட்டியலில் அதைச் சேர்த்தது நான்தான். காரணத்தை மேடத்திடம் சொல்லவில்லை. கடை இடிந்து விழட்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ராத்தாவிடமும் முழுதாகச் சொல்லவில்லை. போன பெருநாளில் அவள் துருவித் துருவிக் கேட்டபோது, "மாஜியோட கடை நிக்குதான்னு பாக்குதோம்" என்று பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். நின்றால் நல்லது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கடை நிற்க வேண்டுமென்று அவள் பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ச்சையே வைத்துவிட்டாள். அது எனக்குத் தெரியவந்தபோது திருத்தியிருக்கலாம். பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

திரும்பி நடந்தேன். சாரலில் முக்காடு நனைந்து ராத்தாவின் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"மேடமா? ரிசல்ட் வந்துட்டா?"

தலையாட்டினேன்.

"என்ன சொன்னாவ? ஏட்டி, வாயத் தொறந்து சொல்லு. நிக்குதா?"

"நிக்குது ராத்தா."

அது பொய்யில்லை. மாஸ்டர்தான் இல்லை என்று அடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகையோடே ரியாத்தில் இருக்கும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டாள்.

"ஏங்க, நிக்குதாம்! மாத்திரை கேக்குமாம்! நம்ம சனோபர்தான் கண்டுபிடிச்சிருக்கா."

மாத்திரை கேட்கும் என்று நான் எப்போது சொன்னேன்? "ராத்தா, ஒரு நிமிசம்" என்றேன். அவள் கேட்கவில்லை. போனை மகள் பக்கம் திருப்பினாள்.

"மாஜி, வாப்பா பாக்குதாவ. கம்பிய விட்டுட்டு நின்னு காட்டு."

மாஜி கம்பியைப் பிடித்து எழுந்தாள். ஒரு கையை விட்டாள். பிறகு மற்றதையும் விட்டாள். முழங்கால் நடுங்கியது, ஆனாலும் நின்றாள். போனுக்குள் மச்சான் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்படித்தான். இப்ப ஒரு படி ஏறு, பாப்போம்."

மாஜி சிரித்தபடி மேல்படியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.