மூன்று கல்

கஞ்சி பொங்கி மூன்று கல்லிலும் வழிந்து சீறுகிறது, கரும்புக்குள்ளிருந்து வந்த அந்த ஆப்பிரிக்கப் பெண் எங்கள் அடுப்பையே பார்த்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், இது நேற்றா, மொரீசுத் தீவில் நாங்கள் வந்து இறங்கிய வருஷமா, வயதாகிவிட்டது, கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பாவம், பசிபோல என்று என் மனைவி செங்கமலம் சிரட்டையில் கஞ்சி ஊற்றி நீட்டினாள், அவள் வாங்கவில்லை, அழுதாள். அரைகுறையாக நான் பிடித்து வைத்திருந்த தோட்டத்துப் பாஷையில் விசாரித்தேன். பெயர் மார்செலின், அதுகூடத் துரை வைத்தது, மொசாம்பிக் கரையில் தாய் வைத்த பெயர் கப்பலேறும்போதே போய்விட்டதாம், நாங்கள் படுத்து எழுகிற குடிசை அவள் அடிமையாய்க் கிடந்த குடிசை, அடிமைகளை விட்டுவிடச் சட்டம் வந்ததும் அவர்கள் மலைப்பக்கம் போய்விட்டார்கள், ஒரு மாட்டை அவிழ்த்த நுகத்தில் இன்னொரு மாட்டைப் பூட்டுவதுபோல அந்த இடத்துக்குத்தான் எங்களை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

போகும்போது அவளால் கொண்டுபோக முடியாமல் போனது ஒன்றுதான், அவள் பிள்ளை. பால் கட்டி மார் நோக அவள் கரும்பு வெட்டிக்கொண்டு நிற்க, துரை விடாததால் குடிசைக்குள் பாலில்லாமல் செத்துப்போன கைக்குழந்தை, புதைத்த இடம் தெரிவதற்கு மூன்று கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போனவர்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அகப்பட்டால் சிறை, எலும்பையாவது எடுத்துப்போய்த் தன் துண்டு நிலத்தில் வைத்துக்கொள்ள ஒளிந்து வந்திருக்கிறாள். நாங்களோ வந்த அன்றே மூன்று கல்லைக் கண்டு, போட்டு வைத்த அடுப்பு என்று மகிழ்ந்துபோனோம், எங்கள் ஜனத்துக்கு வேறு என்ன தோன்றும்.

செங்கமலத்திடம் சொன்னேன், அவள் பானையை இறக்கி, கொள்ளிகளை இழுத்துப் போட்டு, சூடு ஆறுமுன் வெறுங்கையால் தோண்டுகிறாள், மார்செலினும் தோண்டுகிறாள், வெந்த மண்தான் வருகிறது, பச்சைக் குழந்தையின் எலும்பு, இத்தனை நாள் தீயில் எங்கே இருக்கும். மண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு மார்செலின் கேட்டாள், தினமும் இப்படிப் பொங்கி வழியுமா. வழியும் என்றேன். அப்படின்னா குடிச்சிருப்பான், என்றாள். மண்ணை மூடினாள், கல்லைப் பழையபடி வைத்தாள், அடுப்பை மூட்டச் சொன்னாள்.

செங்கமலம் மூட்டவில்லை. வரும் வழியில் காய்ச்சலில் போன எங்கள் பிள்ளையைக் கப்பல்காரர்கள் கடலில் போட்டார்கள், அன்றிலிருந்து அவனைப் பற்றிப் பேசாதவள் இப்போதுதான் வாய் திறக்கிறாள். எம்புள்ளைக்குன்னு ஒரு எடமில்ல, அவனும் இங்கயே குடிச்சுக்கட்டுமான்னு அவகிட்டக் கேளுங்க. தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு கேட்டேன். மார்செலின் சற்று நகர்ந்து இடம் விடுகிறாள், செங்கமலம் பக்கத்தில் உட்கார்ந்து பானையை ஏற்றி ஊதுகிறாள், கஞ்சி பொங்குகிறது, வழியட்டும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.